திரிந்த சொட்டு

திலகம்: நானும் வர்றேன்னா வர்றேன்தான். பேச்சு முடிஞ்சுபோச்சு.

கங்கா: எதுக்கு அண்ணி? கிள்ளான் என்ன கண்காணாத தேசமா? பஸ் ஏறுனா கொண்டுபோயி விட்டுடுவான். நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க?

திலகம்: ஒக்காந்திருப்பேன்.

கங்கா: ஒக்காந்திருக்கிறதுக்கு ஒரு நாள் கூலிய விடணுமா?

திலகம்: கூலி கெடக்கு. தலைய ஆட்டாத. சிக்கு எடுக்குறேன்ல.

கங்கா: மெதுவா... அது முடி அண்ணி, தேங்கா நாரு இல்ல.

திலகம்: தெரியுது தெரியுது. இந்த முடியக் காட்டித்தானே என் தம்பிய மயக்குன.

கங்கா: உங்க தம்பி சேது பெரிய மன்மதன்தான். காலையில பெரட்டுல பேரு கூப்புடுறப்ப நின்னுக்கிட்டே தூங்குற ஆளு.

திலகம்: அது எங்கப்பாகிட்டேருந்து வந்தது. எங்க பரம்பரையக் கொற சொல்லாத. எங்க அவன்? ஸ்டோருல வேலை இன்னுமா முடியல?

கங்கா: முடிஞ்சு வந்தாரு. மேலுக்குத் தண்ணிகூட ஊத்தல, டவுனுக்குப் போயிட்டாரு. பாவாகிட்ட கார் கேக்கணுமாம்.

திலகம்: சாப்பாட்டுக் கடை பாவாவா?

கங்கா: அவரேதான். புது சாகா காரு எடுத்திருக்காருல்ல. சீட்டுல போட்ட பிளாஸ்டிக்கக்கூட இன்னும் பிரிக்கல. வேர்த்துப்போயி எந்திரிச்சா முதுகோட ஒட்டிக்கிட்டு வருதாம். நாளைக்கு என்னை அதுல கூட்டிட்டுப் போகணும்னு இவருக்கு ஆசை. வேணாம்லா, நீங்க வேலைக்குப் போங்க, நான் பஸ்ஸுல போயிக்கிறேன்னேன். கேட்டாத்தானே.

திலகம்: எப்படிக் கேப்பான்? பெரியாஸ்பத்திரியில வந்து படுத்துக்கன்னு சொல்லியிருக்காங்க. இவ என்னடான்னா தனியா பஸ்ஸுல போறாளாம், பாசாருக்கு மீன் வாங்கப் போற மாதிரி.

கங்கா: பெரிசு பண்ணாதீங்க அண்ணி.

திலகம்: ஆஸ்பத்திரி மிஸ்ஸி என்னதான் சொன்னாங்க? முழுசா சொல்லு. அன்னைக்கு நீ பாதி சொன்ன, தம்பி பாதி சொன்னான். ரெண்டும் ஒட்டல.

கங்கா: என்னத்தச் சொல்ல. தைப்பூசம் கழிஞ்சு எனக்கு வயித்துலேருந்து முத்துப்புள்ளைய எடுத்தாங்கள்ல...

திலகம்: அது எனக்குத் தெரியாதா? நான்தானே லோரியில உன்னை மடியில போட்டுக்கிட்டுப் போனேன். புள்ளன்னு நினைச்சு இருந்தோம், உள்ள புள்ளையே இல்ல, கொத்துக் கொத்தா முத்து முத்தா...

கங்கா: சொல்லணுமா அத?

திலகம்: சொல்லல. நீ சொல்லு.

கங்கா: எடுத்ததுல ஒரு துணுக்கு உள்ள தங்கிட்டாலும் அது வளந்து புத்துநோயாயிடும். தங்கியிருக்கா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியாது. ஆனா அதுலேருந்து ஒரு சத்து ஊறி ஒண்ணுக்குல கலந்து வரும். அதுக்குத்தான் பாட்டில்ல புடிச்சு அனுப்பச் சொல்றாங்க.

திலகம்: ம்.

கங்கா: கண்ணாடித் துண்டுல அதுல ஒரு சொட்டு விடுவாங்க. அதுமேல மருந்து ஒரு சொட்டு. மெதுவா ஆட்டிக்கிட்டே இருப்பாங்க. சத்து இருந்தா, பால் திரியிற மாதிரி திரிஞ்சிடும். இல்லாட்டி அப்படியே நிக்கும். திரிஞ்சா, தண்ணி கலந்து மறுபடி பாப்பாங்க. எவ்வளவு தண்ணி கலந்தும் திரியுதோ, அவ்வளவு சத்து இருக்குன்னு கணக்கு.

திலகம்: ரசத்துல உப்பு கூடிப்போனா பாக்குற மாதிரி.

கங்கா: ஹமீதா மிஸ்ஸிகிட்ட சொல்லுங்க, சிரிப்பாங்க. எனக்கு ஒவ்வொரு தடவையும் கொறஞ்சுக்கிட்டுத்தான் வந்துச்சு. கடைசிக்கு முந்துன பாட்டில்ல துளியூண்டு சத்து நின்னுச்சு. அடுத்ததுலயும் அப்படியே நின்னா ஊசி போடணும்னு சொன்னாங்க. ஞாபகம் இருக்கா?

திலகம்: இருக்கு. நீ அன்னைக்குச் சோறு திங்கல.

கங்கா: அந்த அடுத்த பாட்டிலு... கொறையல, நிக்கல, ஒரேயடியா ஏறிடுச்சாம். எத்தனை தண்ணி கலந்தும் திரியுதாம். தப்பாயிடுச்சோன்னு ரெண்டாவது தடவையும் பாத்தாங்களாம். அப்பவும் அதேதான். நாளைக்கு வந்து படுக்கணும், ஊசிய ஆரம்பிக்கணும். இவ்வளவுதான்.

திலகம்: இவ்வளவுதானா.

கங்கா: முடி கொட்டும்னாங்க. கொட்டுனா மொளைக்கும்னும் சொன்னாங்க. ஏன் நிறுத்திட்டீங்க? பின்னுங்க.

திலகம்: கங்கா... ஒனக்குப் பயமா இல்லியா?

கங்கா: இருக்கு.

திலகம்: இல்ல. துளியூண்டுன்னதுக்கே ரெண்டு நாளு அழுதவ நீ. இப்ப ஏறிடுச்சுங்கிறாங்க, நீ பாட்டுக்கு வாசலப் பெருக்குற, கோழிக்குத் தவிடு வைக்கிற...

கங்கா: அழுதா கொறையுமா?

திலகம்: கொறையாது. ஆனா மனுசி அழுவா. நேத்து நான் கருவாடு பொரிச்சுக் கொண்டாந்தேன், ரெண்டு தட்டு சோறு தின்ன நீ.

கங்கா: கருவாடு நல்லாருந்துச்சு. பொரிச்சவங்கதான் ஒரு வாயி திங்கல. மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுனீங்க.

திலகம்: அது மருந்து பண்ணுற வேலை. புல்லுக்கு மருந்து அடிக்கிற கேங்குல என்னைப் போட்டதுலேருந்து வயித்தப் பொரட்டிக்கிட்டே இருக்கு. மருந்துத் தொம்பு முதுகுல இருந்தாலும் நாத்தம் தொண்டையில நிக்குது.

கங்கா: அப்ப மறுபடி ரப்பர் காட்டுக்குக் கித்தா வெட்டப் போங்க. என் நிரைக்குப் பக்கத்து நிரை சும்மாத்தான் கெடக்கு.

திலகம்: யாரு, சன்னாசி மண்டோரு குடுப்பாரா? அவருகிட்ட லீவு கேட்டாலே எதோ அவரு வீட்டுச் சொத்தக் கேட்ட மாதிரி பாப்பாரு. சரி, பேச்ச மாத்தாத. நாளைக்கு நான் வர்றேன்.

கங்கா: அண்ணி, சொன்னா கேளுங்க. யாரும் வர வேணாம். கார் வேணாம், உங்க தம்பியும் வேணாம். நான் தனியாப் போறேன்.

திலகம்: ஏன்?

கங்கா: ஏன்னா... எல்லாரும் கூட வந்தா எனக்கு அழுக வரும்.

திலகம்: வரட்டும். எனக்கு மிஸ்ஸிகிட்ட ஒரு வார்த்த பேசணும்.

கங்கா: என்ன வார்த்த?

திலகம்: ஒண்ணுமில்ல. தனியா.

கங்கா: என் நோயப் பத்தி எனக்குத் தெரியாம என்ன தனிப்பேச்சு? ஓ... தெரிஞ்சுபோச்சு. நான் தாங்குவேனா மாட்டேனான்னு கேட்டுக்கிட்டு உங்க தம்பிக்கு வேற பொண்ணு பாக்கப் போறீங்க.

திலகம்: வாயில போடுவேன்.

கங்கா: பாத்தா கொஞ்சம் சுமாரா பாருங்க. என்னவிட அழகா வேணாம். முடி கட்டையா இருக்கட்டும்.

திலகம்: கங்கா, வெளாட்டு வேணாம்.

கங்கா: சும்மாதான் சொன்னேன் அண்ணி. சீப்ப ஏன் கீழ வச்சீங்க? இந்தப் பக்கம் திரும்புங்க. மூஞ்சிய காட்டுங்க.

திலகம்: ஒனக்கு ஊசி வேணாம்டி.

கங்கா: யாரு, டாக்டரு சொல்றாரா?

திலகம்: நான் சொல்றேன். ஒனக்கு ஊசி வேணாம். அந்தப் பாட்டிலு...

கங்கா: எந்தப் பாட்டிலு?

திலகம்: மோட்டார் சைக்கிள் சத்தம் கேக்குது. தம்பி வந்துட்டானா?

கங்கா: அது மண்டோரு வண்டி. இவரு வண்டி இருமிக்கிட்டே வரும். நீங்க சொல்லுங்க. எந்தப் பாட்டிலு?

திலகம்: கடைசி பாட்டிலு. நீ பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி எங்க வீட்டு அடுப்படியில வச்சுட்டுப் போவேல்ல...

கங்கா: எப்பவும் அங்கதானே வைப்பேன். உங்க வீட்டு அண்ணன் லோரிய எடுக்குறப்ப டவுன் ஆஸ்பத்திரியில குடுத்துடுவாரு. கோழிச்சாறு பாட்டிலு, பேப்பர் சுத்தி. அதுக்கென்ன?

திலகம்: அதக் கொட்டிட்டேன்.

கங்கா: கொட்டிட்டீங்களா? அண்ணி, கை தவறித்தானே?

திலகம்: இல்ல. வேணும்னேதான் கொட்டுனேன். கொட்டி, வெந்நி ஊத்திக் கழுவி... என்னோடத புடிச்சு வச்சுட்டேன்.

கங்கா: உங்களோடதா?

திலகம்: உங்கண்ணனுக்குத் தெரியாது. அவரு பாட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு.

கங்கா: எதுக்கு அண்ணி?

திலகம்: நீதானே கேட்ட. சோறு திங்காம சுருண்டு கெடந்தியே அன்னைக்கு, என் கையப் புடிச்சுக்கிட்டு, ‘இந்த ஒரு தடவ மட்டும் இல்லாம போயிட்டா போதும் அண்ணி’ன்ன. நானும் யோசிச்சுப் பாத்தேன். புள்ள உண்டாகப் போயி வந்த நோயிதானே இது? எனக்குப் புள்ளையே உண்டானதில்ல. கேக்குறவங்ககூடக் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சுட்டாங்க. இந்தத் தோட்டத்துல சுத்தமானது ஒண்ணு இருக்குன்னா அது என்னோடதுதான், பச்சத் தண்ணி மாதிரி நிக்கும், திரியவே திரியாதுன்னு...

கங்கா: ஐயோ அண்ணி...

திலகம்: இரு, முடிச்சிடுறேன். மலடியா இருந்ததுக்கு இந்த ஒரு ஒத்தாசைக்காவது ஆச்சேன்னு சந்தோசமா இருந்துச்சுடி அன்னைக்கு. பாட்டிலு மூடிய துணியால தொடச்சு வேற வச்சேன்.

கங்கா: உங்களுக்குப் புத்தி இருக்கா? எனக்கு நிசமாவே உள்ள தங்கியிருந்தா? உங்களோடதப் பாத்துட்டு, இவ நல்லாயிட்டா, வீட்டுக்குப் போகச் சொல்லுன்னு அனுப்பியிருப்பாங்க. நானும் நல்லாத்தான் இருக்கோம்னு கித்தா வெட்டிக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன். அது பாட்டுக்கு உள்ள வளந்து, ஒரு நாளைக்கு மரத்தடியில விழுந்திருப்பேன்.

திலகம்: அது எனக்கு அப்பத் தோணல.

கங்கா: தோணலையாம்.

திலகம்: நீ அழுவக் கூடாதுன்னு மட்டும்தான் தோணுச்சு. அடி. சீப்பு இந்தா.

கங்கா: சீப்பால அடிச்சா உங்களுக்கு எங்க வலிக்கும். சீப்புதான் ஒடியும்.

திலகம்: ஏறிடுச்சுன்னு நீ வந்து சொன்னப்ப, மொதல்ல எனக்குள்ள ஒரே சந்தோசம். உள்ளதச் சொல்றேன். ஏறுனது உன்னோடது இல்லேல்ல. உனக்கு ஒண்ணும் இல்லன்னு வீட்டுக்குள்ள போயி சாமி படத்துக்கிட்ட நின்னேன். விளக்கு ஏத்தப் போனேன்... அப்பத்தான் தீப்பெட்டியக் கீழ வச்சுட்டேன்.

கங்கா: ஏன்?

திலகம்: ஏனா? திரிஞ்சது யாரோடதுடி? என்னோடதுல்ல. அப்ப நோயி யாருக்கு? உன் வாசப்படி வரைக்கும் வருவேன், சொல்லாமத் திரும்பிடுவேன். உங்கண்ணன நினைச்சாத்தான்... அந்த மனுசனுக்கு வெந்நி வைக்கத் தெரியாது. சட்டைய எங்க வச்சிருக்கேன்னு தெரியாது. நான் போயிட்டா லோரிய ஓட்டிக்கிட்டே இருப்பாரு, எங்க நிறுத்துறதுன்னு தெரியாம. அதான் நாளைக்கு வர்றேங்குறேன். மிஸ்ஸிகிட்ட நடந்ததச் சொல்லி, திட்டுனா வாங்கிக்கிட்டு, உனக்குப் போட்ட கட்டில்ல நான் படுத்துக்கிறேன். எனக்கு முடியும் அவ்வளவா இல்ல, கொட்டுனாலும் நட்டமில்ல.

கங்கா: அண்ணி, கொஞ்ச நேரம் பேசாம இருங்க.

திலகம்: கோவமா?

கங்கா: கோவம் இருக்கு, அத அப்புறம் வச்சுக்கிறேன். கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. கடைசியா உங்களுக்குத் தீட்டு எப்ப வந்துச்சு?

திலகம்: அதுவா? அதுதான் நின்னுபோச்சே.

கங்கா: எப்ப?

திலகம்: மருந்து கேங்குக்குப் போன சமயத்துலதான். வயசாகுதுல்ல எனக்கும்.

கங்கா: முப்பத்தெட்டு ஒரு வயசா?

திலகம்: எங்கம்மாவுக்கும் சீக்கிரம்தான் நின்னுச்சும்பாங்க. அதோட மருந்து வேற. கேங்குல பாதிப் பேருக்கு முன்ன பின்னதான் வருது.

கங்கா: கேங்குல பாதிப் பேரு கருவாட்டக் கண்டு ஓடுறாங்களா?

திலகம்: அதெல்லாம் மருந்து நாத்தம்னுதான் சொல்றேனே...

கங்கா: போன வாரம் மைலோ கலக்கிக் குடுத்தேன், நாறுதுன்னு கீழ வச்சீங்க. மைலோ எங்கயாச்சும் நாறுமா?

திலகம்: நாறுச்சுடி.

கங்கா: பசியாறுறதுக்கு முந்தி தலைய சுத்துதா?

திலகம்: சுத்துது. அதுவும் மருந்துதான். இல்ல, அந்த நோயிதான் போல...

கங்கா: ஒரு வருசத்துக்கு நான் உண்டாகக் கூடாதுன்னு மிஸ்ஸி சொன்னாங்களே, எதுக்குன்னு நினைச்சீங்க?

திலகம்: வயித்துக்கு ஓய்வு வேணும்ல. பச்ச ஒடம்பு.

கங்கா: அதுக்கில்ல. புள்ள உண்டானாலும் இதே சத்துதான் ஊறும். இதே மாதிரிதான் திரியும். அந்த நேரத்துல நான் உண்டாயிட்டா, திரியிறது நோயா புள்ளையான்னு அவங்களுக்குத் தெரியாமப் போயிடும். அதுக்குத்தான் வேணாம்னாங்க.

திலகம்: எது தெரியாமப் போயிடும்?

கங்கா: சொட்டப் பாத்தா. ரெண்டும் ஒரே மாதிரி திரியும் அண்ணி. நோயின்னாலும் திரியும், புள்ளன்னாலும் திரியும்.

திலகம்: வெளாடாத.

கங்கா: உங்க மேல சத்தியமா.

திலகம்: எனக்காடி? எனக்கு எப்படி... இத்தனை வருசம் கழிச்சு... சும்மா சொல்லாத கங்கா. அப்புறம் இல்லன்னு ஆச்சுன்னா தாங்க மாட்டேன்.

கங்கா: முத்துப்புள்ளையே வராத ஒடம்புல அந்த நோயி எங்கேருந்து அண்ணி வரும்? நாளைக்கு உங்களையும் பாப்பாங்க. வயித்து மேல மிஷின வச்சா உள்ள இருக்கிறது டிவியில தெரியும். அதுவரைக்கும் நீங்க மருந்து தொம்பத் தூக்கக் கூடாது. தூக்குனீங்கன்னா கால ஒடிச்சிடுவேன்.

திலகம்: கொஞ்சம் தண்ணி குடு.

கங்கா: இந்தாங்க. மெதுவா.

திலகம்: உங்கண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது?

கங்கா: மொதல்ல மிஷின்ல பாக்கட்டும். சொல்றப்ப லோரிய நிறுத்திட்டுக் கீழ எறங்கி நிக்கச் சொல்லுங்க. ஓட்டுறப்ப சொன்னீங்கன்னா செம்பனைத் தோட்டத்துக்குள்ள விட்டுடுவாரு.

திலகம்: நம்பவே மாட்டாரு. எந்த ஆஸ்பத்திரி டிரெசர் சொன்னான்னு கேப்பாரு.

கங்கா: கங்கா டிரெசர் சொன்னாங்கன்னு சொல்லுங்க.

திலகம்: சிரிக்க வைக்காத. எனக்கு எது வருதுன்னே தெரியல... வயித்துல கை வைக்கவே பயமா இருக்கு.

கங்கா: வைங்க. உங்க வயிறுதானே.

திலகம்: வச்சுட்டேன். ஒண்ணும் தெரியல.

கங்கா: இப்பவே எட்டி ஒதைக்குமா?

திலகம்: சரி, கேளு. நாளைக்கு ரெண்டு பேரும் பாவா கார்லயே போவோம். முதுகுல பிளாஸ்டிக் ஒட்டுனாலும் பரவாயில்ல. நீ புதுசா புடிச்சு உன் கையாலயே குடு. நான் தொட மாட்டேன். மிஸ்ஸி என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும். உன்னோடது கொறஞ்சுக்கிட்டுத்தானே வந்துச்சு, இந்நேரம் இல்லாமலே போயிருக்கும். இந்த முடியும் எங்கயும் போகாது... ஏய். என்னடி? ஏன் அழுவுற?

கங்கா: சந்தோசத்துலதான் அண்ணி.

திலகம்: சந்தோசத்துல அழுவுற அழுவ எனக்குத் தெரியும். இது அது இல்ல. நோயின்னப்பக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடல நீ. இப்ப ஒண்ணும் இல்லன்னு ஆனதும் இப்படித் தேம்புறியே. என்ன மறைக்கிற? நான் எல்லாத்தையும் சொன்னேன்ல. நீயும் சொல்லு.

கங்கா: உண்டாகாம இருக்க மிஸ்ஸி குடுத்த மாத்திரைய நான் ரெண்டு மாசமா தொடல அண்ணி... உங்க தம்பிக்கும் தெரியாது. தீட்டு தள்ளிப் போச்சு, அதோட பாட்டிலும் ஏறிடுச்சுன்னாங்க. அவங்க நோயின்னாங்க, நான் புள்ளன்னே முடிவு பண்ணிட்டேன். ஊசி போட்டா அது கரைஞ்சுடும்னு, நாளைக்கு கிள்ளான் பஸ்ஸ விட்டுட்டு உலு யாமுக்கு எங்கம்மா வீட்டுக்கு ஓடிடலாம்னு இருந்தேன். அதான் யாரும் கூட வர வேணாம்னேன். இன்னைக்குக் காலையில தீட்டு வந்துடுச்சு, அப்பவும் நம்பல. பாட்டிலு பொய் சொல்லாதுன்னு இருந்தேன்... இத்தனை நாளா உங்க புள்ளையத்தான் அண்ணி நான் சுமந்துக்கிட்டு இருந்திருக்கேன். பேருகூட வச்சிட்டேன். சொல்லட்டுமா, உங்களுக்குப் புடிக்குதான்னு பாருங்க.